ஆண்டான் கட்டிய கல்லூரியும் அடிமை மறந்த மொழியும்

தாய்மொழியைக் கைவிட்ட இனம் தாழ்வுறும் என்று எவரேனும் ஓரவையில் எடுத்துரைத்தால், உடனே அயர்லாந்தை இழுத்து வந்து எதிரே நிறுத்துவார் சிலர் உளர். “அயர்லாந்தினர் தம் ஐரிசு மொழியை விட்டொழித்து ஆங்கிலத்தைப் பற்றிக்கொண்டனர், என்ன கெட்டுப் போயினர்? தப்ளின் நகரத்துத் திரினிட்டிக் கல்லூரி ஒன்றே சுவிப்டையும் பர்க்கையும் கோல்டுசுமித்தையும் பெக்கட்டையும் உலகிற்கு ஈன்று தரவில்லையா?” என்பது அவர்தம் வினா. கேட்கப் பொருளுடையது போலவே தோன்றும். ஆயின், அதனைக் கேட்பார் அக்கல்லூரியின் பெயர்ப்பட்டியலில் ஒரு பாதியைத்தான் படித்துள்ளார். மறுபாதியையும் படித்திருப்பின் அவ்வினாவை அவரே விழுங்கியிருப்பார்.

அக்கல்லூரி எவரால், எதற்காகக் கட்டப்பட்டது என்பதினின்று தொடங்குதல் வேண்டும். 1592-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் அரசி முதலாம் எலிசபெத்தின் பட்டயத்தால், முன்பு துறவியர் வாழ்ந்து பின் பறிக்கப்பட்ட மடத்து நிலத்தின்மேல் அது எழுப்பப்பட்டது. இங்கிலாந்தின் ஆட்சியும் இங்கிலாந்தின் சமயமும் அயர்லாந்து மண்ணில் வேர் கொள்ள வேண்டும். அதற்கு வாளைவிட ஏடே வலியது என்பது கட்டியவர் கணக்கு. அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்க்கு 1793 வரை அங்குப் பட்டம் இல்லை. அதன் பின்னரும் கல்லூரியின் பரிசிலும் உறுப்பாண்மையும் 1873 வரை அவர்க்கு எட்டாக்கனியாகவே இருந்தன. சொந்த நாட்டின் தலைநகரில், சொந்த மக்களுக்குக் கதவடைத்து, இருநூறு ஆண்டுகள் நின்றதொரு கல்விக்கூடம்!

ஐரிசு மொழிக்கு அங்கு இடமே இல்லாமற் போகவில்லை. இருந்தது. எதற்கென்றால், அம்மொழியன்றி வேறறியாத ஏழை மக்களைச் சமயம் மாற்றுதற்கு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அக்கல்லூரியைச் சேர்ந்த உய்லியம் ஓ தோனல் என்பார் புதிய ஏற்பாட்டை ஐரிசில் பெயர்த்து அச்சேற்றினார். 1840-இல் ஐரிசுப் பேராசிரியர் இருக்கை ஒன்றும் நிறுவப்பட்டது. அதுவும் சமயப் பணியாளரைப் பயிற்றுதற் பொருட்டே. பிறன் வீட்டுத் திறவுகோலைத் தான் ஒன்று செய்து வைத்துக்கொள்வதற்கும், அவ்வீட்டாரிடம் அன்பு கொள்வதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

இனி, அக்கல்லூரி ஈன்ற பெருமக்களுள் முதல்வராக வைத்துப் போற்றப்படும் யோனத்தான் சுவிப்டைக் காண்போர் வியப்புறுவர். 1667-இல் தப்ளினிற் பிறந்து 1686-இல் பட்டம் பெற்றவர் அவர். 1712-இல் இங்கிலாந்தின் கருவூலத் தலைவர்க்கு ஒரு வேண்டுகை எழுதி வெளியிட்டார். ஆங்கில மொழி கெட்டுக்கொண்டே போகின்றது. சொற்களைக் குறுக்கியும் நெளித்தும் கண்டவாறு வழங்குகின்றனர். அறிஞர் கழகம் ஒன்று அமைத்து மொழியைத் திருத்தி நிலைப்படுத்த வேண்டும் என்பது அவ்வேண்டுகையின் சாரம். மொழித்தூய்மை பேசுவோரைக் குறுகிய நோக்கினர் என்று பழிப்பார் இதனைக் குறித்துக்கொள்வாராக. ஆங்கில உரைநடையின் மணிமுடி என்று அவர்களே கொண்டாடும் சுவிப்டுதான், தம் மொழியின் தூய்மைக்காக இங்ஙனம் கவன்றவர்!

அதே சுவிப்டு, 1729-ஐ ஒட்டி எழுதிய மற்றொரு கட்டுரையில், அயர்லாந்தில் ஐரிசு மொழியை ஒழித்துக்கட்டுதல் எளிது என்றும், குறைந்தது கொடுக்கல் வாங்கல்களிலேனும் அம்மக்களை ஆங்கிலமே பேசச் செய்தல் சிறந்த செயல் என்றும் வரைந்தார். அயர்லாந்தின் ஊர்ப்பெயர்கள் காட்டுமிராண்டி ஒலியுடையன என்றும் எள்ளினார். இத்தனைக்கும் அவர் அயர்லாந்து மக்கள்பால் இரக்கமற்றவர் அல்லர். 1724-இல் போலிச் செப்புக்காசை எதிர்த்து அவர் எழுதிய மடல்கள் நாட்டையே கிளர்ந்தெழச் செய்தன. மக்களின் வயிறு காய்வதைக் கண்டு குமுறியவர், அவர்தம் நாக்கு அறுபடுவதை நற்செயல் என்றார். தன் மொழிக்குக் காவல், பிறர் மொழிக்குக் கல்லறை! இது சுவிப்டு ஒருவரின் குறையன்று. அக்கல்லூரி ஊட்டிய பாலின் சுவையே அது.

எட்மண்டு பர்க்கின் செய்தி வேறு. 1748-இல் பட்டம் பெற்றுச் சென்ற அவர், பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 1785-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய உரை தமிழர் அறியத்தக்கது. கிழக்கிந்தியக் குழுமத்தாரின் வட்டிக் கொள்ளையால் கருநாடகப் பகுதி பாழ்பட்டதையும், முன்னை அரசர் வெட்டிய ஏரிகளின் அருமையையும் அவர் அவ்வவையில் நெஞ்சுருக எடுத்துரைத்தார். தஞ்சை மண்ணின் ஏரிக்காக இலண்டனில் ஒரு குரல்! அதற்குத் தமிழர் நன்றி பாராட்டல் தகும். தம் நாட்டு மொழிக்கும் அவர் ஒரு நன்மை செய்தார்: செபிரைட்டு என்னும் ஆங்கிலச் செல்வரிடம் கிடந்த பழைய ஐரிசு ஏடுகளைக் கல்லூரிக்கு வருவித்தவர் அவரே. 1786-இல் அவை வந்து சேர்ந்தன. ‘இலைன்சுடர் ஏடு’ போலும் கருவூலங்கள் அவற்றுள் அடங்கும். ஆயினும் அவர் நாநலம் முழுதும் எந்த மொழியின் செல்வமாயிற்று? ஆங்கில நாவன்மைக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் இன்றும் பர்க்கையன்றோ புரட்டுகின்றனர்!

கோல்டுசுமித்தும் அங்ஙனமே. 1791-இல் ஒன்றுபட்ட ஐரிசுக் கழகத்தைத் தொடங்கியவருள் ஒருவராய், 1798-இல் சிறையில் உயிர்துறந்த உல்பு தோனும், 1803-இல் தூக்கிலேறிய இராபர்ட்டு எம்மெட்டும் அக்கல்லூரியிற் பயின்றவரே. அவர்தம் ஈகத்தின்முன் தலைவணங்காதார் இலர். நிலத்தை மீட்க உயிரீந்த அவர்க்கும் மொழியை மீட்கும் எண்ணம் தோன்றவில்லை. அமில்டனின் கணக்கும், அணுவைப் பிளந்து 1951-இல் நோபல் பரிசு பெற்ற வால்டனின் இயற்பியலும் ஈண்டு வழக்கிற்கு உரியன அல்ல. எண்ணுக்கு எம்மொழியும் தாய்மொழியே.

கல்லூரி நூலகத்தில் கெல்சு ஏட்டின் வண்ணப் பக்கங்களும் இலைன்சுடர் ஏட்டின் பழங்கதைகளும் பேழைகளுள் பேணப்பட்டுக் கிடந்த அதே காலத்தில், மதிலுக்கு வெளியே நடந்ததென்ன? 1831-இல் ஆங்கில அரசு நாடெங்கும் பள்ளிகளைத் திறந்தது. பயிற்றுமொழி ஆங்கிலம் மட்டுமே. ஐரிசன்றி வேறு சொல் அறியாத உழவர் குழந்தைகள் ஆங்கில நூலைக் கையில் ஏந்தி விழித்தனர். குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டு தொங்கும். வாய் தவறி ஐரிசு பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி! அம்மரத்துண்டைக் குழந்தையின் கழுத்தில் மாட்ட ஒப்பியவருள் பெற்றோரும் இருந்தனர் என்பதுதான் பொறுக்கலாகாக் கொடுமை. ஐரிசு பேசினால் சோறு இல்லை. ஆங்கிலம் பேசினால் அலுவலுண்டு, இல்லையேல் அமெரிக்கக் கப்பலேனும் உண்டு என்று அவர்க்கு உணர்த்தப்பட்டிருந்தது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் வீழ்ந்து பெரும்பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 10 இலக்கம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கடல் கடந்தனர். மாண்டாரும் சென்றாரும் பெரும்பாலும் ஐரிசு வாழ்ந்த மேற்குப் புலத்து ஏழையர். 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிசு பேசுவோர் 15 இலக்கத்திற்கு மேல் இருந்தனர். 1891-இல் 7 இலக்கத்திற்கும் குறைந்தனர். நாற்பதே ஆண்டுகள்! உள்ளே ஏட்டுக்குப் பேழை; வெளியே குழந்தைக்குக் கழுத்துக்கட்டை!

இவ்விருளில்தான் பட்டியலின் மறுபாதி தொடங்குகிறது. 1814-இல் பிறந்து, 1836-இல் அக்கல்லூரியிற் பட்டம் பெற்றவர் தாமசு தேவிசு. (அதே 1814-இல் அயர்லாந்தின் வடபுலத்துப் பிறந்த இன்னொருவர் கால்டுவெல். அவர் கிளாசுகோவிற் பயின்றவர். திரினிட்டியின் கணக்கில் வாரார். பிறந்த மண்ணின் மொழி தேய்ந்துகொண்டிருக்க, அவர் தமிழுக்கு வந்து சேர்ந்தது தமிழர் பெற்ற பேறு.) தேவிசு 1842-இல் நண்பர் இருவருடன் சேர்ந்து ‘நாட்டினம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கிழமையிதழ் தொடங்கினார். 1843-இல் அதில் நாட்டுமொழி பற்றி எழுதிய கட்டுரையில், தனக்கென மொழியில்லாத மக்கள் அரைகுறை இனத்தவரே என்றும், நாட்டெல்லையைக் காப்பதினும் மொழியைக் காத்தல் முகாமையானது என்றும் அழுத்தந்திருத்தமாக உரைத்தார். ஆண்டானின் கல்லூரியிலிருந்து அடிமையின் மொழிக்காக எழுந்த அக்குரல் நீடிக்கவில்லை. பஞ்சம் தொடங்கிய அதே 1845-இல், 30 அகவையில், காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. ஐரிசைத் தாமே முற்றக் கற்று முடிக்கவும் அவர்க்குக் காலம் வாய்க்கவில்லை. அவ்விதழில் எழுச்சிப் பாட்டெழுதிய பெண்பாவலரின் மகனே ஆசுகர் வைல்டு. அவர் திரினிட்டியில் மூன்றாண்டு பயின்று, ஆக்சுபோர்டு சென்று, இலண்டன் மேட்டுக்குடியின் நாநுனியில் வாழ்ந்தார். தாய்க்கும் மகனுக்கும் இடையில் ஒரே தலைமுறை!

கல்லூரி ஈன்ற மொழியறிஞரும் உளர். விட்லி சுதோக்சு 1851-இல் பட்டம் பெற்று, 1862-இல் சென்னைக்கு வந்து, பின் கல்கத்தாவில் சட்டம் வகுக்கும் பேரலுவலில் அமர்ந்தார். இந்தியாவை ஆளும் சட்டங்களை ஆங்கிலத்தில் வரைந்துகொண்டே, ஓய்வில் பழைய ஐரிசு ஏடுகளை ஆய்ந்து 1866-இல் கல்கத்தாவிலேயே ஒரு நூலும் அச்சிட்டார். கிரியர்சனும் திரினிட்டியின் மாணவர். 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் அளந்து 1928-இல் முடித்த பெரும்பணியாளர். சென்னை மாநிலம் அவ்வளவைக்கு உட்படாமையால் தமிழ் தன் தாயகத்தில் அளக்கப்படாமலே நின்றது. இவர்தம் உழைப்பைக் குறைத்துரைப்பார் இலர். ஆனால் ஏட்டில் உறங்கும் பழமொழியைப் பாராட்டுவது எவர்க்கும் எளிது. அது சோறு கேட்காது, அலுவல் கேட்காது, ஆட்சியில் இடம் கேட்காது. தெருவில் நின்று உரிமை கேட்கும் உயிர்மொழிக்கு இரங்குவதே அரிது. முன்னோர் எலும்பை முத்தமிட்டுப் பெற்ற தாயைத் திண்ணையிற் கிடத்தும் அறிஞர்கள் அயர்லாந்திற்கு மட்டும் உரியவர் அல்லர்.

தக்ளசு ஐடு அத்தகையவர் அல்லர். 1860-இற் பிறந்த அவர் ஆங்கிலச் சமயத்து ஊழியர் ஒருவரின் மகன். நோயின் கரணியமாகப் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே வளர்ந்தார். அதுவே நன்மையாயிற்று! அண்டையில் வாழ்ந்த எளிய மக்களிடம், குறிப்பாக வேட்டைக்காடு காக்கும் முதியவர் ஒருவரிடம், ஐரிசைக் காதாற் கேட்டுக் கற்றார். எழுத்துமுறை அறியாத சிறுவன், ஐரிசுச் சொற்களை ஆங்கில எழுத்தொலியிற் பெயர்த்து நாட்குறிப்பு எழுதினான். 1880-இல் திரினிட்டிக்குள் நுழைந்தபோது, எம்மொழிகள் தெரியும் என்று உடன் பயின்றார் வினவ, பல மொழிகளை எண்ணிவிட்டு, கனவு காண்பது ஐரிசில் என்றாராம். அக்கல்லூரியின் மதிலுக்குள் ஐரிசிற் கனவு!

1892 நவம்பர் 25-ஆம் நாள், அயர்லாந்தினின்று ஆங்கிலத்தன்மையைக் களைய வேண்டுதல் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவே ஐரிசு எழுச்சியின் முதல் முழக்கம். ஆங்கிலேயரை நாவால் வெறுத்துக்கொண்டே நடையால், உடையால், பெயரால், பாட்டால் அவரையே பின்பற்றும் தம் மக்களின் இரட்டை வாழ்வை அவர் அங்குத் தோலுரித்துக் காட்டினார். குடிப்பெயரின் ‘ஓ’வையும் ‘மக்’கையும் வெட்டியெறிந்துவிட்டு ஆங்கிலப் பெயர் பூண்டவர்களையும், பிள்ளைகளின் பெயரை ஆங்கிலத்தில் திரித்துக்கொண்டவர்களையும், பொருளறியாது சிதைக்கப்பட்ட ஊர்ப்பெயர்களையும் ஒன்றொன்றாக அடுக்கினார். அடுத்த ஆண்டே ஓயன் மக்நீல் முதலியோருடன் கேலிக்குக் கழகத்தை நிறுவித் தலைமை தாங்கினார். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கிளைகள். ஊர்தோறும் மாலை வகுப்புகள். 1916-இல் துமுக்கி ஏந்தியவருள் பலர் அவ்வகுப்புகளில் முதலிற் பொத்தகம் ஏந்தியவரே.

தம் மாணவரின் இப்பெரும்பணியைக் கண்டு கல்லூரி களித்ததா? 1896-இல் ஐரிசுப் பேராசிரியர் இருக்கை காலியானபோது ஐடு அதனைக் கேட்டார், தரவில்லை. 1899-இல், இடைநிலைப் பள்ளிகளில் ஐரிசு கற்பித்தல் பற்றி ஆய்ந்த அரசுக் குழுவின்முன் அக்கல்லூரியின் பேராசிரியர் இருவர் வந்து சான்றுரைத்தனர். ஒருவர் மகாபி, வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் மேற்குப்புறம் செல்வார்க்கு ஐரிசு சற்றே பயன்படலாம் என்றும், சமயநூல் நீங்கலாக அம்மொழியிலுள்ளவை பெரும்பாலும் பேதைமையோ இழிவோ உடையன என்றும் கூறினார். அவர்க்கோ ஐரிசு தெரியாது! மற்றவர் அட்கின்சன், சமற்கிருதப் பேராசிரியர், கிரியர்சனுக்கு அம்மொழியைக் கற்பித்தவர், பழைய ஐரிசுச் சமயவுரைகளை 1887-இற் பதிப்பித்தவரும் அவரே. அம்மொழியால் அறிஞர் பெயர் பெற்ற அவர், அதன் நாட்டுப்புறக் கதைகளை அருவருப்பானவை என்று தூற்றினார். மகாபியின் அறியாமையை மன்னித்துவிடலாம். அட்கின்சனுடையது இரண்டகம்!

ஐடு வெகுளியோடு நின்றுவிடவில்லை. செருமானிய நாட்டு விண்டிசு, சிம்மர், குனோ மேயர் முதலிய பேரறிஞர்க்கெல்லாம் எழுதி, ஐரிசு இலக்கியத்தின் சிறப்பிற்குச் சான்றுமடல்கள் பெற்றுக் குழுவின்முன் குவித்தார். பிறநாட்டார் அம்மொழியின் பெருமையை எடுத்துரைக்க, உள்நாட்டுப் பேராசிரியர் தலைகுனிந்தனர். ஐரிசு பாடத்திட்டத்தில் நிலைத்தது. 1909-இல் ஐடுக்குப் பேராசிரியர் இருக்கையும் கிடைத்தது. திரினிட்டியில் அன்று, புதிய பல்கலைக்கழகத்தின் தப்ளின் கல்லூரியில்!

இதனினும் கொடிது 1914-இல் நேர்ந்தது. தாமசு தேவிசு பிறந்து 100 ஆண்டு நிறைந்தது. கல்லூரி மாணவர்தம் கேலிக்குக் கழகம், தம் கல்லூரி ஈன்ற அப்பெருமகனுக்குக் கல்லூரிக்குள் விழாவெடுக்க முனைந்தது. பத்திரிக்கு பியர்சு பேச அழைக்கப்பட்டிருந்தார். அவர் பிரித்தானியப் படைக்கு ஆள் சேர்ப்பதை எதிர்த்தவர். அப்போது கல்லூரி முதல்வராய் வீற்றிருந்தவர் அதே மகாபி. பியர்சு என்னும் ஓராளைக் கல்லூரிக்குள் விட இயலாதென விழாவையே தடுத்தார். தேவிசின் நூற்றாண்டு விழா தேவிசு படித்த கல்லூரிக்கு வெளியே, வாடகை மன்றத்தில் நடந்தது! திரினிட்டி ஈன்ற பெருமக்களைப் பட்டியலிட்டுக் காட்டி ‘அயர்லாந்து என்ன கெட்டது’ எனக் கேட்போர், இந்த ஒரு நிகழ்ச்சிக்கு விடை சொல்லிவிட்டு அப்பால் நகரட்டும்.

1922-இல் அயர்லாந்து தன்னாட்சி பெற்றது. 1937-ஆம் ஆண்டு அரசமைப்பு ஐரிசை முதல் ஆட்சிமொழி என்றது. 1938-இல் ஐடே முதற் குடியரசுத் தலைவராகி ஐரிசில் உறுதிமொழி கூறினார். கொடி கிடைத்தது, நாணயத்தில் ஐரிசு எழுத்து கிடைத்தது, பள்ளியிற் கட்டாயப்பாடமும் கிடைத்தது. ஆனால் அலுவலகக் கோப்பு ஆங்கிலத்திலேயே நகர்ந்தது. வழக்குமன்றம் ஆங்கிலத்திலேயே பேசிற்று. வணிகமும் மருத்துவமும் ஆங்கிலத்தை விடவில்லை. மொழி தேர்வுத்தாளில் வாழ்ந்தது, அடுக்களையில் வாழவில்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 18 இலக்கத்து 70 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் ஐரிசு பேச இயலும் என்றனர். பள்ளிக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவோரோ 72 ஆயிரத்திற்கும் குறைவு! கற்றவர் கூட்டம் இருநூறு ஆண்டுக் காலம் ஆண்டான் மொழிக்கு அணிசெய்து கொண்டிருந்தபோது வீட்டை விட்டு வெளியேறிய மொழி, சட்டத்தின் அழைப்பாணை கண்டு திரும்பி வந்துவிடவில்லை.

திரினிட்டியின் புகழ்ப்பட்டியலில் இறுதியாகக் காட்டப்படுபவர் சாமுவேல் பெக்கட்டு. 1969-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆங்கிலமே புகழின் வாயில் என்பார்க்கு அவரும் துணைவாரார். தம் தலைசிறந்த ஆக்கங்களை அவர் ஆங்கிலத்தை விட்டு நீங்கிப் பிரெஞ்சில் எழுதினார். அவர் புகழெய்திய அதே காலத்தில், அதே கல்லூரியில், 1956 முதல் ஐரிசு கற்பித்துக்கொண்டிருந்தார் ஒருவர். கொனிமாரா உழவர் குடியிற் பிறந்த அவர் பெயர் மார்ட்டின் ஓ கைன். அக்கல்லூரியிற் படித்தவர் அல்லர். விடுதலைப்படையிற் சேர்ந்ததற்காக ஆசிரியப் பணியை இழந்தவர். நான்காண்டு சிறைமுகாமில் அடைக்கப்பட்டு, அங்கும் உடனிருந்தார்க்கு ஐரிசு கற்பித்தவர். இடுகாட்டில் புதைந்தோர் தம்முள் ஓயாது பூசலிடுவதாக அவர் புனைந்த ‘கிரே நா கில்லே’ 1949-இல் ஐரிசில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் உலகு அறியும் என்று அவரிடமும் சொல்லியிருப்பர். அவர் எழுதவில்லை. எலிசபெத்தின் கல்லூரியில் 1969-இல் ஐரிசுப் பேராசிரியராகி, அடுத்த ஆண்டு மறைந்தார். 2015-இலும் 2016-இலும் அந்நூலுக்கு ஆங்கிலப் பெயர்ப்புகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.